தகைவிலான் பிந்திய ஐப்பசி

புவனம் அக்காவிடமிருந்து எனக்கு வருடத்துக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அதில் ஒரு சொல்தான் இருக்கும்: "வந்திட்டுது." புரட்டாசி முடிவிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து வரும். நான் அம்பாசமுத்திரத்திலிருந்து "இங்கேயும்" என்றோ "இன்னும் இல்லை" என்றோ எழுதுவேன். அதோடு பேச்சு முடிந்தது. மறுபடி அடுத்த வருடம்தான்.

வருவது தகைவிலான் குருவி. கருநீல முதுகு, செங்கல் நிறத் தொண்டை, கத்தரிக்கோல் போலப் பிளந்த வால். இமயத்துக்கு வடக்கே எங்கெங்கோ குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் இறுகுவதற்குள் கிளம்பித் தெற்கே வரும். பகலெல்லாம் வயல்வெளிகளில் பூச்சி பிடிக்கும். இருட்டுவதற்கு முன்னால் ஊருக்குள் வந்து மின்கம்பிகளில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துவிடும். எங்கள் ஊரில் ஆற்றுப்பாலத்துக் கம்பிகளில். யாழ்ப்பாணத்து நெல்லியடியில், புவனம் அக்காவின் கணவர் நடத்தும் தேநீர்க்கடைக்கு நேர் மேலே.

நான் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறுவர் மாத இதழில் இந்தக் குருவியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு நெல்லியடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அச்சடித்த தாளோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன், அப்படி ஒரு கையெழுத்து. எழுதியவர் ஓய்வுபெறப்போகிற தமிழாசிரியை. என் கட்டுரையில் இரண்டு பிழைகள் இருப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஆனால் இரண்டும் பிழைதான். அப்படித்தான் சிநேகமானோம்.

இந்த வருடம் ஐப்பசி பாதி கடந்தும் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எங்கள் பாலத்துக்கே குருவிகள் மிகவும் பிந்தித்தான் வந்தன, அதுவும் ஏழெட்டு. "அக்கா, வந்துவிட்டதா?" என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. நான்கு நாள் கழித்து அவருடைய கணவர் தவராசா பேசினார்.

"தங்கச்சி, மனுசி வைகாசியிலை விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. ஒப்பரேசன் முடிஞ்சு இப்ப சுகம். ஆனால் மனம்தான் சரியில்லை. உங்களுக்கு ஏலுமெண்டால் ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன். நீங்கள் சொன்னால் நம்புவா."

எதை நம்புவார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு கிலோ அல்வாவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பலாலி விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, அல்வாப் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய், "நெய் நல்லதுபோலை கிடக்கு" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார். யாழ்ப்பாணம் நகரிலிருந்து நெல்லியடிக்கு மினிபஸ். நடத்துநர் என் பையை வாங்கி ஓட்டுநர் பக்கத்தில் எஞ்சின் பெட்டியின் மேல் வைத்தார். பாட்டுச் சத்தத்தில் என் பெயரே எனக்கு மறந்துவிடும்போல் இருந்தது. நெல்லியடி என்று கூவியதும் குதித்து இறங்கினேன். பஸ் போய்விட்டது. பை பஸ்ஸோடு போய்விட்டது.

நடுத்தெருவில் நின்று நான் போட்ட கூச்சலில் நாய்கூட எழுந்து நின்றது. அப்போது கடைவாசலில் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், கண்ணகப்பையை ஆட்டியபடி சொன்னார்: "பதறாதேங்கோ பிள்ளை. உவன் பருத்தித்துறைக்குப் போயிட்டுத் திரும்பி இதாலைதானே வரவேணும்." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்கள் அம்பாசமுத்திரமல்லே?"

அவர்தான் தவராசா அண்ணை. பை வரும்வரை வாங்கில், அதாவது கடை பெஞ்சில், உட்காரவைத்துத் தேத்தண்ணியும் வடையும் தந்தார். எங்கள் ஊர் வடை விரலால் அழுத்தினால் உள்ளே போகும். இது மெல்லிய தட்டை வடை. செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கண்ணுக்குத் தெரியும். நான் கடித்த சத்தத்துக்குப் பக்கத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். சட்னி எங்கே என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது வடையில்தான் நிமிர்ந்து மேலே பார்த்தேன். அக்கா அனுப்பிய பழைய படங்களில் கடைக்கு மேலே நான்கு வெறுங்கம்பிகள் ஓடும். அவற்றில் மணி கோத்ததுபோல் குருவிகள். இப்போது அந்த நான்கையும் காணோம். ஒரே ஒரு தடித்த கறுப்பு வயர், முறுக்கிய கயிறு மாதிரி, கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போயிற்று. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு காகம்கூட இல்லை.

"அண்ணை, இன்னும் வரவில்லையா?"

அவர் வடையைத் திருப்பிப் போடுவதில் மும்முரமாக இருந்தார்.

அரை மணி நேரத்தில் அதே பஸ் திரும்பி வந்தது. நடத்துநர் பையை என் மடியில் வைத்து, "அன்ரி, இந்த மணத்துக்குத் திறக்காமல் கொண்டுவந்தது பெரிய காரியம்" என்றார். அவருக்கு அங்கேயே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

வீடு கடைக்குப் பின்னால். அக்காவின் அறை அதற்கும் பின்னால். கட்டிலோடு ஒட்டிய யன்னலுக்கு வெளியே கிணறும் மூன்று பனைகளும். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினார். கைகள் மெலிந்திருந்தன. கண்கள் பிழை திருத்தும் ஆசிரியையின் கண்களாகவே இருந்தன.

"வந்திட்டீரே மங்கை! இரும், உதிலை இரும். உங்கடைக்கு வந்திட்டுதோ?"

"ஓம் அக்கா. பிந்தித்தான். கொஞ்சம்தான்." வந்து மூன்று மணி நேரத்தில் எனக்கு 'ஓம்' ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எங்கடைக்கும் வந்திட்டுது எண்டு இவர் சொல்லுறார். ஒரு கிழமையாச் சொல்லுறார்."

கதவடியில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற அண்ணை, அக்காவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளியே கடைசி வெளிச்சத்தில் பனைகளைச் சுற்றிச் சிறிய பறவைகள் பறந்துகொண்டிருந்தன. அவர் தட்டை வைத்துவிட்டு யன்னலைக் காட்டினார். "உதிலை பாரும் புவனம், எவ்வளவு பறக்குது."

அவை பனை உழவாரன்கள். பனை இருக்கும் இடத்தில் வருடம் முழுவதும் இருப்பவை. பறக்கும்போது பார்த்தால் தகைவிலானின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரித் தெரியும். ஆனால் அதற்குக் கம்பியில் உட்கார வராது. அந்தக் கால் ஓலையில் ஒட்டித் தொங்கத்தான் ஆகும். இதை எனக்குச் சொல்லித்தந்ததே புவனம் அக்காதான். என் கட்டுரையின் இரண்டு பிழைகளில் ஒன்று அது.

அக்கா யன்னலைப் பார்த்தார். "ஓம்" என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். நாக்குச் சுட்டது.

முற்றத்தில் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதற்குத்தான் என்னைக் கூப்பிட்டீர்களா? பொய்ச்சாட்சி சொல்லவா?"

"கத்தாதேங்கோ தங்கச்சி, கேக்கும். வந்திட்டுது எண்டு நீங்கள் ஒருக்காச் சொன்னால் போதும். நான் சொன்னால் ஓம் எண்டுறா, ஆனால் முகம் ஓம் எண்டுதில்லை."

"வெளியே கூட்டிவந்து அவர்களையே பார்க்கவிட்டால் என்ன? வோக்கர் வைத்துப் பத்து அடி நடக்கிறார்களே."

அவர் கிணற்றுக் கட்டைத் தடவினார். "டொக்டர் இன்னும் வேண்டாம் எண்டவர்" என்றார். மருத்துவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அக்கா வாசலுக்கு வந்தால் அந்தக் கறுப்பு வயர் கண்ணில் படும். அதற்காக ஒரு மனுசியை இரண்டு மாதமாகப் பின்னறையிலேயே வைத்திருக்கிறார். அன்று இரவு இடியப்பமும் சொதியும் சம்பலும் அருமையாக இருந்தன. கோபத்தில் இரண்டு இடியப்பம் குறைவாகச் சாப்பிட்டேன். இப்போதும் அதற்கு வருந்துகிறேன்.

மறுநாள் தேடிப் போனோம். என் நிபந்தனை அது: பொய் சொல்லமாட்டேன், வேண்டுமானால் குருவியைத் தேடித் தருகிறேன். ரூபன் என்கிற முப்பது வயதுக்காரரின் ஓட்டோ. அண்ணை முன்னால் அவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார், நான் பின்னால் தொலைநோக்கியோடு. சந்தைப் பக்கம், கல்லூரி மதிலோரம், வெங்காயத் தோட்டங்கள். மழை இன்னும் தொடங்கவில்லை. செம்மண் வெடித்துக் கிடந்தது. தகைவிலான் இருக்கவேண்டிய இடமெல்லாம் உழவாரன்தான் இருந்தது. ரூபன் ஐந்து தடவை "அங்கை, அன்ரி!" என்று பிரேக் போட்டார். ஐந்து தடவையும் என் நெற்றி முன்கம்பியில் இடித்தது.

வல்லை வெளிக்கு வந்தபோது நம்பிக்கையோடு நிமிர்ந்தேன். இரண்டு பக்கமும் கடல்நீர் ஏறி இறங்கும் பரந்த வெளி, நடுவே தெரு, மரம் என்று ஒன்றில்லை. எங்கள் தாமிரபரணிப் பக்கம் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு மரம் கூட நிற்கும். இங்கே காற்றுதான் கூட நிற்கிறது. அந்த இடத்தில் சக்கரம் பஞ்சர் ஆயிற்று. மாற்றுச் சக்கரத்தை ரூபன் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "உதுவும் போன கிழமை போனது" என்று எங்களுக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்.

தெற்கிலிருந்து சுற்றுலா வந்த ஒரு வேன் நின்றது. ஒரு சிங்களக் குடும்பம். அவர்கள் ரூபனையும் சக்கரத்தையும் நெல்லியடிவரை ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். வேனில் இருந்த அம்மா என் கையில் ஒரு பணிஸை, நம் ஊர் பன்னை, திணித்து ஏதோ கேட்டார். அண்ணை மொழிபெயர்த்தார்: "ஆரையோ துலைச்சுப்போட்டோ தேடுறியள் எண்டு கேக்கிறா."

வேன் போன பிறகு அண்ணை தெருவோரக் கல்லில் உட்கார்ந்தார். காற்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"துலைச்சது நான்தான், தங்கச்சி."

மாசி மாதம் நடந்தது. அண்ணை வடை சுட்டு ஆறப்போடும் தட்டு கம்பிக்கு நேர் கீழே. பின்னேரமானால் மேலிருந்து எச்சம். தட்டில், வாங்கில், சைக்கிள் இருக்கையில், ஆட்களின் தலையில். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வெள்ளை விழுந்த வடையைப் படமெடுத்து, "சோஸ் இலவசம்" என்று முகநூலில் போட்டுவிட்டார். ஊர் முழுக்கச் சிரித்தது. கடைக்கு வருவது பாதியாகக் குறைந்தது. பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் எரிச்சல்தான். இரும்புச் சாமான் விற்கும் ஹாட்வெயார்க்காரர் சொன்னாராம், கரன்ற்காரருக்கு, அதாவது மின்சார சபைக்கு, ஒரு பெட்டிசம் போடுவோம், வெறுங்கம்பியை எடுத்துவிட்டு மூடின வயர் போட்டால் குருவி இராது என்று. பெட்டிசம் என்றால் மனு. யாழ்ப்பாணத்தில் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதாத தெரு கிடையாது என்று அண்ணையே சொன்னார்.

"நாலு கடையும் சேர்ந்து போட்டம். ஹாட்வெயார்க்காரர் ஆரையோ பிடிச்சு எழுதுவிச்சுக் கொண்டுவந்தார். நான் எண்ணெய்க் கையோடை, கண்ணாடியும் போடாமல், காட்டின இடத்திலை கையெழுத்து வைச்சன். உவங்கள் உதெல்லாம் எங்கை செய்யப்போறாங்கள் எண்டு நினைச்சன். ஆவணியிலை வந்து மாத்திப்போட்டாங்கள்."

"அக்காவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சால் செத்துப்போவன். பின்னேரத்திலை அவ கல்லாவிலை இருந்து எண்ணுவா. எண்ணி முடியுமட்டும் ஆருக்கும் மிச்சக் காசு குடுக்கமாட்டா. இப்ப குருவி வந்து, இருக்க இடமில்லாமல் திரும்பிப் போட்டுதோ எண்டு எனக்கு நித்திரை இல்லை. நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ. அந்த வயரிலை குருவி இருக்குமோ, இராதோ?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். தகைவிலானின் கால் சின்னது, மெல்லிய கம்பிக்குப் பழகியது. இந்தத் தடிப்பை அது பிடிக்குமா என்று நான் பார்த்ததில்லை. ஆனால் வரவு பிந்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றேன். வடக்கே குளிர் மெதுவாக வந்தால் அவையும் மெதுவாகத்தான் கிளம்பும். கடைசியாகப் பொரித்த குஞ்சுகளுக்கு இறகு முற்றவேண்டும். கிளம்பிய பிறகும், வழியில் பூச்சி கிடைக்கிற இடத்தில் தங்கித் தங்கித்தான் வரும். எல்லாம் சரியாகச் சொன்னேன். பாடப்புத்தகம் மாதிரிச் சொன்னேன். அந்த மனிதரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும், அது அவருடைய எண்ணெய்க் கை.

"அண்ணை, நாளைக்குப் பின்னேரம்வரை பார்ப்பேன். அதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்."

"நீங்கள் சரியான பொல்லாத ஆள்" என்றார். மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை முழுவதும் அவர் அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு தடவை தண்ணீர் கொண்டுபோனார். ஒரு தடவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தார். நான் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து அல்வாவை வில்லைகளாக வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னேரம் கடை எண்ணெய் காய்கிற நேரத்தில், கையில் மாவு ஒட்டியிருக்க வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இஞ்சாரும் புவனம். குருவி வரேல்லை."

"ம்."

"நான் பொய் சொன்னனான். வயரை மாத்திப்போட்டாங்கள். மாத்தச் சொல்லிப் பெட்டிசம் போட்டது நாங்கள். நானும் கையெழுத்து வைச்சனான்."

அக்கா அல்வாவை மென்று விழுங்கினார். "தெரியும். உங்கடை பேர் நாலாவது."

அண்ணையின் வாய் திறந்தபடி நின்றது. "நீர் எப்பிடி உதைப் பாத்தனீர்?"

"பாக்கிறதோ? நான்தானே எழுதினனான்."

கத்தியை நான் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சந்தியில் காணி வழக்கு, குழாய்த்தண்ணி, பள்ளிக்கூட அனுமதி என்று யாருக்கு எந்த மனு எழுதவேண்டுமானாலும், பின்கதவால் வந்து ரீச்சரிடம்தான் எழுதுவித்துக்கொண்டு போவார்கள். அந்தக் கையெழுத்தைக் கண்டால் எந்த அதிகாரியும் முழுதாகப் படிப்பார் என்று ஊருக்கு நம்பிக்கை. ஹாட்வெயார்க்காரரிடம் எழுதுவித்துக்கொண்டு வரச் சொன்னதும் அவர் நேராக வந்தது இங்கேதான். வேறு எங்கே போவதென்று அவருக்குத் தோன்றியே இருக்காது. அண்ணை முன்பக்கம் வடை சுட்டுக்கொண்டிருக்க, பின்பக்கம் அவருடைய மனைவி அவருக்கான மனுவை எழுதியிருக்கிறார்.

"முப்பத்தைஞ்சு வருசமா என்ரை எழுத்தைப் பாக்கிறியள். கண்ணாடி போட்டிருந்தால் அண்டைக்கே பிடிபட்டிருப்பன்" என்றார் அக்கா.

"பின்னை ஏன் எழுதினனீர்? நீரல்லோ உதுகளிலை உயிர்."

"கடைக்குச் சனம் வரேல்லை. நீங்கள் இரவிலை திரும்பித் திரும்பிப் படுத்தியள். எனக்கு வேறை என்ன செய்யத் தெரியும்? எழுதத்தான் தெரியும்." அக்கா அல்வாத் தட்டைத் தள்ளிவைத்தார். "ஹாட்வெயார்க்காரர் குறிச்சுக் கொண்டுவந்த தாளிலை எச்சம் விழுகுது, வியாபாரம் கெடுது எண்டுதான் இருந்தது. அதுக்கு ஒருத்தனும் வந்து பாக்கமாட்டான். 'வெறுங்கம்பிகள் தாழத் தொங்குவதால் பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து' எண்டு ஒரு வசனம் போட்டனான். அந்த வசனம் என்ரை. அதுக்குத்தான் அவங்கள் வந்தது. ஆவணியிலை அவங்கள் வயர் இழுத்த சத்தம் இஞ்சை கிடந்த எனக்கும் கேட்டது."

பனையில் உழவாரன்கள் கீச்சிட்டன.

"எல்லாருக்கும் நல்ல தமிழ் எழுதிக் குடுத்து வந்த வினை" என்று அக்கா தலையணையில் சாய்ந்தார். "ஒவ்வொரு பின்னேரமும் காதைக் குடுத்துக்கொண்டு கிடந்தன். ஒரு சத்தமில்லை. நீங்கள் வந்து, வந்திட்டுது எண்டு சொல்ல, அது பொய் எண்டு தெரிஞ்சும் ஓம் எண்டனான். அப்பிடிச் சொல்ல ஒரு ஆள் இருந்தது எனக்கு ஆறுதலாத்தான் இருந்தது."

அண்ணை மாவுக் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அல்வாத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "எங்கை போறீர், இரும்" என்று அக்கா அதட்டினார். உட்கார்ந்தேன்.

கொஞ்சம் கழித்து அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. "இன்னொரு பெட்டிசம் போடுவம். பழைய கம்பியைத் திருப்பிப் போடச் சொல்லி." அக்கா உடனே தாளும் பேனையும் கேட்டார். மடியில் பலகையை வைத்து, "மதிப்புக்குரிய ஐயா" என்று அந்த அச்செழுத்தில் எழுதினார். அதற்கு மேல் பேனை நகரவில்லை. "என்ன காரணம் காட்டுறது மங்கை? குருவி வரேல்லை எண்டோ?" பலகையின் மேல் பேனையைத் தட்டினார். "உயிருக்கு ஆபத்து எண்டு இன்னொருக்கா எழுதேலாது." தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். பிறகு கணவரைப் பார்த்து, "என்னை வெளியாலை கொண்டுபோங்கோ. இல்லாததையெண்டாலும் நானே பாக்கிறன்" என்றார்.

ரூபனும் ஹாட்வெயார்க்காரரும் அண்ணையும் நானுமாக அவரை உட்கார்ந்த கதிரையோடு தூக்கினோம். வாசலில் இறக்கியதும் சந்தி முழுக்க "ரீச்சர்! ரீச்சர்!" என்று கூடிவிட்டது. ஒருவர் சோடா கொண்டுவந்தார். ஒருவர் தன் மகளின் பள்ளிச் சோதனை முடிவைச் சொன்னார். எனக்கு அண்ணைமேல் பழைய கோபம் ஒரு நொடி திரும்பிவந்தது, இந்த முகத்தையா இரண்டு மாதம் உள்ளே வைத்திருந்தார் என்று. எல்லாருக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் அக்கா நிமிர்ந்து வயரைப் பார்த்தார். வானம் மஞ்சளாகி, சாம்பலாகி, கறுத்தது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

"சரி" என்றார். அவ்வளவுதான்.

அப்போது மழை தூறியது. மாரியின் முதல் மழை. தகரத்தின் கீழே கதிரையை இழுத்துவிட்டோம். உள்ளே போகலாம் என்றால் அக்கா கேட்கவில்லை. வெடித்த மண்ணின் மணம் எழுந்து வர, தெருவிளக்கில் மழை சாய்ந்து விழுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை விடைபெறும்போது, அண்ணை கண்ணாடி அலுமாரிமேல் குவிந்து கிடந்த ஈசல் சிறகுகளைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்கடியில், வாங்கின் கீழே, எங்கும் சிறகு. "ராவு முழுக்க உதுதான்" என்று அலுத்துக்கொண்டார். அக்கா ஒரு பை நிறைய வடை கட்டித் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். "அடுத்த வருடம்" என்றேன். "ஓம்" என்றார். முகம் ஓம் சொல்லவில்லை.

சென்னையில் இறங்கி எழும்பூருக்கு வந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் போகும் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நடைமேடையில் உட்கார்ந்து அந்த வடையைப் பிரித்தேன். பொழுது சாய்கிற நேரம். கைபேசி அடித்தது. முதலில் ஒரே இரைச்சல், ஓட்டோ ஹோர்ன், யாரோ சிரிக்கும் சத்தம். அதற்கடியில் ஒரு மெல்லிய கலகலப்பு, நூறு பேர் ஒரே சமயத்தில் ரகசியம் பேசுவதுபோல். எனக்குத் தெரிந்த சத்தம்.

"தங்கச்சி, கேக்குதோ? கேக்குதோ?"

"கேட்கிறது அண்ணை! எதில் உட்கார்ந்திருக்கிறது?"

"கறுப்பு வயரிலைதான். கதிரை போட்டு இருந்தது மாதிரி இருக்குதுகள். பின்னேரம் தோட்டப் பக்கமெல்லாம் ஈசல் பிடிச்சுதாம், ரூபன் கண்டவன். பேந்து நேரை இஞ்சை வந்திட்டுது."

ஈசல். காலையில் அவர் கூட்டித் தள்ளிய சிறகுகள் நினைவுக்கு வந்தன. மழை வராமல் ஈசல் எழாது, பூச்சி இல்லாத வெளிக்கு அவை அவசரப்பட்டு வராது. பூச்சி இருக்கிற இடத்தில் தங்கித் தங்கி வரும் என்று வல்லை வெளியில் வாய் கிழியப் பாடம் நடத்தியவள் நான். எங்கள் பாலத்திலும் இந்த வருடம் மழை பிந்தித்தான் வந்தது. மூன்று பேரும் அண்ணாந்து வயரையே பார்த்தோம், ஒருவரும் காலடி மண்ணைப் பார்க்கவில்லை. பிழை செய்துவிட்டவர்களுக்கு ஒரு கர்வம் வந்துவிடுகிறது, உலகத்தில் நடப்பதெல்லாம் தங்கள் பிழையால்தான் நடக்கிறது என்று. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"அக்கா எங்கே?"

"கல்லாவிலை. எண்ணுறா. ஆருக்கும் மிச்சக் காசு குடுக்கிறாயில்லை, சனம் வரிசையிலை நிக்குது." தூரத்தில் அக்காவின் குரல், "எண்பத்தாறு, எண்பத்தேழு, இடிக்காதேங்கோ, பிழைச்சுப்போகும்." அண்ணை மூச்சு வாங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"வடை வியாபாரம் எப்படி, அண்ணை?"

"என்னத்தைச் சொல்ல, தங்கச்சி!" என்று சந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "முழுத்தட்டும் போச்சு! ஒரு வடை மிச்சமில்லை, எல்லாத்திலையும் எச்சம் விழுத்திப்போட்டுதுகள்!"